தமிழ் எழுத்தில் மட்டும்

மரக்காணம் கடைத்தெருவில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் நான் லாரி லோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு ரேடியோ பைத்தியம் உண்டு. பாட்டு கேட்கிற பைத்தியம் இல்லை. எங்கோ ஒரு தேசத்திலிருந்து சிற்றலையில் வரும் ஒலிபரப்பை இரைச்சலுக்குள்ளிருந்து தேடிப் பிடிப்பேன். எந்த நிலையம், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலையத்துக்கே தபாலில் போடுவேன். சரியாக எழுதியிருந்தால் அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகளுக்காக மாடியிலிருந்து எதிர்ப் பனைமரம் வரைக்கும் ஏரியலாகச் செம்புக் கம்பி கட்டி வைத்திருந்தேன். உப்புக் காற்றில் கம்பி பச்சை பூத்துப்போகும், அவ்வப்போது சுரண்டிவிடுவேன். வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள்தான், மறைப்பு எதுவும் இல்லை. திண்டிவனத்தில் கேட்காத நிலையமெல்லாம் எனக்குக் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்களைப் போன்ற ஆட்களுக்காக இணையத்தில் தமிழில் ஒரு கருத்துக்களம் இருப்பதாக 2004இல் திண்டிவனத்து நண்பர் ஒருவர் சொன்னார். மஸ்கட்டில் வேலை பார்த்த ஒருவர் தன் கைக்காசைப் போட்டு அதை நடத்திவந்தார். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. விதிகள் மட்டும் ஏராளம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது, தமிழ் எழுத்தில் மட்டும்தான் எழுத வேண்டும். ரேடியோ என்று எழுதக் கூடாது, வானொலி என்றுதான் எழுத வேண்டும். எதிரில் இருப்பவர் சின்னப் பையனாக இருந்தாலும் 'நீங்கள்'தான். நாம் எழுதுவது உடனே களத்தில் வந்துவிடாது, காத்திருப்பில் நிற்கும். மட்டுறுத்துநர் படித்துப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் மற்றவர் கண்ணில் படும். விதி மீறியிருந்தால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும். அப்போது மஸ்கட்காரர் ஒருவரே மட்டுறுத்துநர்.

என் முதல் பதிவு திரும்பி வந்தது. தமிழில் தட்டத் தெரியாமல் வணக்கத்திலிருந்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன். 'தமிழ் எழுத்தில் மட்டும்' என்ற ஒரே வரியோடு அது வந்து நின்றதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்து அடித்துத் தமிழில் அவள் விரல் ஓடும். அப்போது கடைத்தெருவில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டரில் பகல் முழுக்க அவள்தான் பொறுப்பு.

"நீங்க பேப்பர்ல எழுதிக் குடுங்க. கஸ்டமரு இல்லாதப்ப நான் அடிச்சுப் போடறேன்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். நான் 'இரைச்சல் அதிகம்' என்று எழுதியிருப்பேன். களத்தில் போய்ப் பார்த்தால் 'காய்ந்த ஓலை மேல் காற்று உரசுகிற மாதிரி இரைச்சல்' என்று இருக்கும். மலேசியாவிலிருந்து ஒருவர் 'உங்கள் தமிழைப் படிக்கவே களத்துக்கு வருகிறேன்' என்று எழுதினார். நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். அவளிடம் காட்டியபோது, "பரவால்லையே, நல்ல பேரு எடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு அதில் உரிமை கொண்டாடத் தோன்றவில்லை. எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. கடைத்தெரு தப்பித்தது. மீனவர் குப்பங்களில் உயிர் போனது. நானும் ஆபீஸ் ஆட்களும் லாரியை எடுத்துக்கொண்டு போய், இடுப்பளவு சேற்றில் நடந்து, கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றி ஸ்கூலுக்குக் கொண்டுவந்து விட்டோம். மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்து தூங்கினேன். அதற்குள் களத்தில் எல்லோரும் என் பெயரைச் சொல்லி, பத்திரமா, பத்திரமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பதில் எழுதியிருக்கிறாள். என் பெயரில் எழுத மனம் வராமல், தனக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கி, தன் பெயரிலேயே எழுதியிருக்கிறாள். கரண்ட் வந்ததும் பிரவுசிங் சென்டரைத் திறந்துவைத்து, வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வந்தவர்களை வரிசையில் உட்காரவைத்ததை, ஒரு பெண் பேச வாய் வராமல் கம்ப்யூட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை, அப்படியே எழுதியிருந்தாள்.

களத்தில் அதைப் படிக்காதவர் இல்லை. மஸ்கட்காரர் அதை முகப்பிலேயே வைத்தார். படித்ததும் என் கண்ணும் கலங்கியது. ஆனால் அதோடு சேர்ந்தே இன்னொன்றும் உள்ளே வந்து உட்கார்ந்தது. சேற்றில் நடந்தவன் நான். ஜனங்கள் நன்றி சொல்வது அவளுக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த நேரத்தில் இப்படி நினைக்கிறோமே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் நினைப்பு போகவில்லை.

கோடை வந்தபோது உறுப்பினர்கள் பெருகிவிட்டதால் இன்னொரு மட்டுறுத்துநரை நியமிக்கப் போவதாக மஸ்கட்காரர் அறிவித்தார். நான்தான் என்று நினைத்தேன். மூத்த உறுப்பினர்களில் நான் ஒருவன், வாரம் தவறாமல் எழுதுகிறவன். டீக்கடையில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். மட்டுறுத்துநர் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவைக்கவே பாதி டீ ஆறிப்போனது.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, என்னையப் போட்டுட்டாங்க."

"எதுல?"

"மட்டுறுத்துநரா. நான் கேக்கவே இல்லைங்க. அவரே மெயில் போட்டிருக்காரு."

"சந்தோஷம்" என்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன்னால் அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்னு சொல்லிடட்டா?" என்றாள். அப்படிக் கேட்டது இன்னும் மோசமாக இருந்தது. "நான் இன்னா சொன்னேன் இப்ப? எடுத்துக்கோ" என்று மாடிக்குப் போய்க் கம்பியைச் சுரண்டினேன். அதை அந்த வாரம்தான் சுரண்டியிருந்தேன்.

இனி அவள் கையால் என் பதிவைப் போடவிடக் கூடாது என்று வைராக்கியம் வந்தது. விசைப்பலகைப் படத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு நானே தமிழில் தட்டக் கற்றுக்கொண்டேன். நான் தட்டிய முதல் பதிவைத் திருப்பி அனுப்பினாள். 'ரேடியோ என்பதை வானொலி என்று மாற்றி அனுப்புங்கள். நன்றி. மட்டுறுத்துநர்.' வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கட்டின புருஷனுக்கே நன்றி மட்டுறுத்துநரா?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க போடறேன். உங்களுக்கு மட்டும் விட்டா நாளைக்கு ஒருத்தரு கேப்பாரு."

"மாத்திப் போட்டுட வேண்டியதுதானே நீயே?"

"மட்டுறுத்துநரு மத்தவங்க எழுத்துல கை வைக்கக் கூடாது. விதி இருக்குது."

மாற்றி அனுப்பினேன். அனுமதித்தாள். என் எழுத்து இப்போது என் எழுத்தாகவே களத்தில் வந்தது. இரைச்சல் அதிகம். தெளிவு நன்று. மலேசியாக்காரர் ஒன்றும் எழுதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் களத்துக்கு ஒருவர் வந்தார். திண்டுக்கல்காரர் என்று மட்டும் தெரியும். அவர் எழுத ஆரம்பித்ததும் மற்றவர்கள் எழுதியதெல்லாம் மங்கிப்போயிற்று. ஒருநாள் காலையில் கிழக்காசிய நிலையம் ஒன்றின் தமிழ் ஒலிபரப்பை நான் கேட்டு 'தெளிவு நன்று, ஒலி அளவு சரி' என்று எழுதியிருந்தேன். அதே ஒலிபரப்பைப் பற்றி அவர் இப்படி எழுதியிருந்தார்: 'செய்தி வாசித்த அம்மா ஒரு பக்கத்தைப் புரட்டினார். புரட்டிவிட்டு ஒரு மூச்சு விட்டார். கடல் தாண்டி அந்த மூச்சும் வந்துவிட்டது.' நானும் அதே நேரத்தில் அதே அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அந்த மூச்சு கேட்கவில்லை.

ஒருநாள் ஆபீஸ் சீக்கிரம் முடிந்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் திரையில் தனிமடல் பெட்டி திறந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். திண்டுக்கல்காரர், திண்டுக்கல்காரர், திண்டுக்கல்காரர். அவள் அவருக்கு நீளமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள், அதுவும் ஆங்கில எழுத்தில்.

"நீயே தங்கிலீஷ்ல எழுதறியா? ஊருக்கெல்லாம் திருப்பி அனுப்பிட்டு?"

"மெதுவாப் பேசுங்க. கஸ்டமரு இருக்காங்க."

"யாரு இவரு?"

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டருங்க. அவருக்குக் கண்ணு தெரியாது. அவரோட கம்ப்யூட்டரு, திரையில இருக்கறத வாய்விட்டுப் படிக்கும். ஆனா இங்கிலீஷ் எழுத்துதான் அதுக்குத் தெரியும். தமிழ் எழுத்து வந்தா ஊமையாயிடும். அதனால அவரு இங்கிலீஷ் எழுத்துல அனுப்பறாரு, நான் தமிழ்ல அடிச்சுப் போடறேன். மத்தவங்க எழுதறத இங்கிலீஷ் எழுத்துல மாத்தி அவருக்கு அனுப்பறேன். உங்க பதிவு கூட அனுப்பியிருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. தெரிஞ்சா பாவம்னு பாராட்டுவாங்களாம், அது வேணாமாம். மட்டுறுத்துநருன்னு நம்பிச் சொன்னத, புருஷன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? இப்ப சொன்னதே தப்பு."

வீட்டுக்கு நடந்து வரும்போது, இதைக் கேட்ட பிறகு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. முன்பாவது யாரோ ஒருவன் என்று திட்டிக்கொள்ளலாம். கண் தெரியாத மனிதர் மேல் பொறாமைப்பட்டால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. நான் பேப்பரில் எழுதிக் கொடுத்ததை அவள் குனிந்து குனிந்து பார்த்து அடித்துக்கொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்த இடத்தில் இப்போது இன்னொருவர். அவர் அனுப்பியதைப் படிக்கும்போது அவள் உதடு லேசாக அசையும். என் பதிவுக்கு அசைந்ததில்லை. சோறு போடும்போதும், துணி காயப்போடும்போதும் அவள் ஏதாவது நினைத்துச் சிரித்தால் எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும்.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. திண்டுக்கல்காரரு ஒண்ணு எழுதியிருந்தாரு."

"சொல்லேன்."

சொன்னாள். சிரிப்பாகத்தான் இருந்தது. நான் சிரிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில், மழையில் உப்பு வேலை நின்று ஆபீசில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில், களத்தில் புகார் எழுந்தது. சென்னையிலிருந்து எழுதும் ஓர் உறுப்பினர் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே கேட்டார். திண்டுக்கல்காரர் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா? அவர் தமிழும் மட்டுறுத்துநர் தமிழும் ஒரே மாதிரி இருக்கின்றனவே? புள்ளி, கால்புள்ளி போடுகிற விதம்கூட ஒன்றுதானே? மட்டுறுத்துநரே இரண்டாவது பெயரில் எழுதித் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்கிறாரா?

மஸ்கட்காரர் அவளிடம் விளக்கம் கேட்டார். திண்டுக்கல்காரரின் கண் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. 'ஓர் உறுப்பினருக்காக எழுத்து மாற்றித் தருகிறேன். காரணத்தைச் சொல்ல முடியாது' என்று மட்டும் எழுதினாள். மஸ்கட்காரர் கெட்டவர் இல்லை, விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். உறுப்பினர் எழுத்தில் மட்டுறுத்துநர் கை வைக்கக் கூடாது என்பது அவர் எழுதிய விதி. அவளைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். அதே நாளில் எனக்கு ஒரு மடல் அனுப்பினார். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எடுத்துக்கோங்க. ஆசைப்பட்டதுதானே" என்றாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. எனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். அதற்குக் குத்திக்காட்டியே இருக்கலாம்.

ஏற்றுக்கொண்டேன். மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்தபோது காத்திருப்பில் முதலில் நின்றது திண்டுக்கல்காரரின் பதிவு, ஆங்கில எழுத்தில். என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. திருப்பி அனுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 'தமிழ் எழுத்தில் மட்டும்' என்ற வரி தானாகவே போய்விடும். அழுத்துவதற்கு முன்னால், அவர் எழுத்தில் என் மனைவியின் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று படித்தேன். அவள் சேர்த்ததுதான் அத்தனை அழகும் என்று நான் நம்பியிருந்தேன். என் 'இரைச்சல் அதிகம்' எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாதா?

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவர் ஊரில் மழை பெய்த காலையில் ரேடியோவைப் பிடித்த கதை. ஒரு வரிகூட மெருகு தேவைப்படாமல் இருந்தது. அவள் தொடாத, அவர் கையிலிருந்து நேராக வந்த எழுத்து அது.

பக்கத்து நாற்காலியில் அவள் யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இவரு எழுத்துல இன்னா சேர்ப்ப?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சேர்க்க மாட்டேன். புள்ளி, கமா வைப்பேன். அவ்ளோதான்."

"எனக்கு மட்டும் ஓலை, காத்துன்னு போட்டியே?"

"உங்களுதுக்கு அது வேண்டியிருந்துச்சு. அவருது அப்படியே இருக்குது." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "கோவமா?"

கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பட்ட பொறாமை போல அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. அந்த ஆள் நிஜமாகவே நன்றாக எழுதுகிறார். இவள் பேரில் பொய்ப் பழி விழுந்திருக்கிறது. இரண்டும் உண்மை என்று காட்டக்கூடிய இடத்தில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் மூலமாகத் திண்டுக்கல்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் உடனே பதில் போட்டார். 'என்னால் உங்களுக்கு இப்படியா? நானே சொல்லிக்கொள்கிறேன்.' தன் கண் விஷயத்தையும், எழுத்து மாற்றித் தந்த உதவியையும் நாலே வரியில் எழுதி அனுப்பினார், ஆங்கில எழுத்தில். நான் அதை அப்படியே அனுமதித்தேன். களத்தில் வந்த முதல் ஆங்கில எழுத்துப் பதிவு அதுதான். அதன் கீழே அவர் சம்மதத்தோடு அவருடைய பழைய பதிவுகள் சிலவற்றைப் போட்டேன், ஒரு பக்கம் அவர் அனுப்பியது, இன்னொரு பக்கம் அவள் மாற்றியது. கடைசியில் மஸ்கட்காரருக்குக் கோரிக்கை வைத்தேன். திரையைப் பார்க்க முடியாதவர்கள் எந்த எழுத்திலும் எழுதலாம், தமிழ் எழுத்தில் அதை இன்னொரு உறுப்பினர் கீழே தரலாம் என்று விதியைத் திருத்துங்கள் என்று.

திருத்தினார். என் மனைவியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "அத அவரே பாக்கட்டும். எனக்கு எழுத்து மாத்தறதுதான் புடிச்சிருக்குது" என்றாள். ஆக, அவர் எழுதுவார், அவள் தமிழில் அடிப்பாள், அது காத்திருப்பில் வந்து என் முன்னால் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அனுமதிக்கிற பொத்தானை நான் அழுத்த வேண்டும். நான் கேட்டு வாங்கிய விதி எனக்கே இப்படி வந்து சேர்ந்தது.

2006இல், உப்பு மும்முரமாக விளைகிற காலத்தில், பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த திண்டுக்கல்காரர் எங்களையும் பார்க்க வந்தார். கூட அவர் மனைவி. ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது பார்த்தேன். குள்ளமாக, கொஞ்சம் தொப்பையோடு, சட்டைப் பையில் சின்ன ரேடியோவோடு இருந்தார். நான் என்னவோ வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். என் மனைவி வாசலில் நின்று "வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சே வரவில்லை. திரையில் பக்கம் பக்கமாக எழுதிய இருவரும் ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர் மனைவியும்தான் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசி நேரத்தை ஓட்டினோம்.

வெயில் தாழ்ந்ததும் பாத்திப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வரப்பில் அவர் கை என் தோளில் இருந்தது. என் பெரிய ரேடியோவைக் கொடுத்தேன். அவர் குமிழைத் திருப்புகிற நிதானத்தைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? எம்மேல உங்களுக்கு வருத்தம் எதும் உண்டுங்களா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, மத்தவங்க பதிவுக்கெல்லாம் அன்னைக்கே அனுமதி குடுத்துருறீங்க. என்னோடது மட்டும் மறுநாள்தான் வருதுங்க. நானும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

பின்னால் வந்துகொண்டிருந்த என் மனைவிக்கு அது கேட்டுவிட்டது. அன்று முழுக்கப் பேச்சு வராதவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் மனைவியும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"படிக்க நேரமாவுதுங்க. உங்களுது ரெண்டு வாட்டி படிப்பேன்" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"ரெண்டு வாட்டியா?" என்றார். அவர் முகம் மலர்ந்துபோனது. பாராட்டு வேண்டாம் என்று சொன்ன மனிதர் அதைக் கேட்டு அத்தனை சந்தோஷப்பட்டதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதுவும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என் மனைவி சொன்னாள், "நான் நெனச்ச மாதிரி இல்லைங்க அவரு."

"எப்படி நெனச்ச?"

"தெரியல. உயரமா."

எனக்கு நடையே லேசாகிவிட்டது. அவள் அதைக் கவனித்திருப்பாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் களத்தைத் திறந்தேன். உப்புப் பாத்தியின் ஓரத்தில் நின்று ரேடியோ கேட்டதைப் பற்றி அவர் அனுப்பியிருந்தார், அவள் அதற்குள் தமிழில் அடித்து வைத்திருந்தாள். ஒரு தடவைதான் படித்தேன். உடனே அனுமதித்தேன்.